குயில்ட் வாங்கலாமா, எப்படித் துவைப்பது? வாசகர் கேள்வி - பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் குயில்ட் பற்றித்தான். சிலர் ரஜாய் என்கிறீர்கள், சிலர் கம்ஃபர்ட்டர் என்கிறீர்கள், எல்லாம் பஞ்சு வைத்துத் தைத்த போர்வைதான் என்பதால் ஒன்றாகவே எடுத்துக்கொண்டேன். பலர் பெயர் போட வேண்டாம் என்று கேட்டதால் யார் பெயரையும் போடவில்லை. கேள்விகளுக்குப் போகும் முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கீழே பல பதில்கள் அங்கேயே வந்து நிற்கும்: நான் பார்த்தவரை குயில்ட் கிழிந்து வீணாவது குறைவு, உள்ளே ஈரம் தங்கி வீணாவதுதான் அதிகம். அதனால் கடையில் நிற்கும்போதே "இதை எதில் துவைப்பேன், எங்கே காயப்போடுவேன்" என்று யோசித்துவிடுங்கள். அதற்குப் பதில் இல்லாத குயில்ட்டை, எவ்வளவு அழகாக இருந்தாலும், வாங்காதீர்கள்.

கேள்வி: முதல் தடவையாக நல்ல குயில்ட் ஒன்று வாங்கப் போகிறோம். அட்டையில் ஜிஎஸ்எம், டாக், ஃபில் பவர், த்ரெட் கவுண்ட் என்று என்னென்னவோ போட்டிருக்கிறது. எதைப் பார்ப்பது, எதை விடுவது?

போர்வை தானாகச் சூடு தருவதில்லை. உங்கள் உடம்புச் சூடு வெளியே ஓடிவிடாமல் பிடித்து வைக்கிறது, அதையும் பிடித்து வைப்பது பஞ்சைவிட அதிகமாக, பஞ்சு இழைகளுக்கு நடுவே அசையாமல் மாட்டிக்கொண்டிருக்கும் காற்றுதான். இது புரிந்துவிட்டால் அட்டையில் உள்ள எல்லாமே புரிந்துவிடும். கையில் தூக்கிப் பார்த்து "நல்ல கனம், நல்லா கதகதப்பா இருக்கும்" என்று முடிவு கட்டுவது தவறு, கனம் வேறு கதகதப்பு வேறு.

ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் பஞ்சு வைத்திருக்கிறார்கள் என்ற கணக்கு. ஒரே வகைப் பஞ்சில் இரண்டு குயில்ட்டை ஒப்பிட மட்டுமே இது உதவும். 200 ஜிஎஸ்எம் பருத்தியையும் 200 ஜிஎஸ்எம் பறவைத் தூவியையும் (இறகுக்கு அடியில் இருக்கும் பஞ்சு போன்ற பகுதி) பக்கத்தில் வைத்தால் எண் ஒன்றுதான், ஆனால் தூவி அதைவிடப் பல மடங்கு உப்பி நிற்கும், அதனால் கதகதப்பும் அதிகம். டாக் என்பதுதான் உண்மையில் சூட்டை எவ்வளவு தடுக்கிறது என்று நேரடியாகச் சொல்லும் எண். 1940களில் இங்கிலாந்தில் மான்செஸ்டரில் இருந்த ஷர்லி இன்ஸ்டிட்யூட்டில் உருவான அளவு இது, பஞ்சு எதுவானாலும் ஒப்பிடலாம். 4.5 அல்லது அதற்குக் கீழே என்றால் வெக்கைக் காலத்துக்கானது, 9 முதல் 10.5 வரை நடுத்தரம், 13.5 நல்ல குளிருக்கு. அட்டையில் டாக் இருந்தால் அதைப் பாருங்கள், ஜிஎஸ்எம்மை விடுங்கள்.

ஃபில் பவர் தூவிக்கு மட்டுமே உள்ள எண். ஒரு அவுன்ஸ், அதாவது 28 கிராம் சொச்சம் தூவி எத்தனை கன அங்குல இடத்துக்கு உப்பி நிற்கிறது என்பது. 600 என்றால் நல்லது, 800 என்றால் மிக உயர்ந்த தரம். எண் கூடக் கூட, அதே கதகதப்புக்குக் கனம் குறையும்.

த்ரெட் கவுண்ட் என்பது மேல்துணியில் ஒரு சதுர அங்குலத்துக்கு எத்தனை நூல் என்பது. இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 1000 என்று போட்டிருந்தால் பெரும்பாலும் இரண்டு மூன்று இழை சேர்த்து முறுக்கிய நூலை இழை இழையாகப் பிரித்து எண்ணியிருப்பார்கள். 200 முதல் 400 வரை, மெல்லிய நல்ல பருத்தியாக இருந்தால் போதும். தூவி வைத்ததற்கு மட்டும் துணி நெருக்கமாக நெய்ததாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தூவி குத்திக்கொண்டு வெளியே வரும்.

அட்டையில் போடாத ஒன்றைத்தான் நான் முதலில் பார்ப்பேன், தையல். பருத்தி வைத்த குயில்ட்டில் தையல் கோடுகள் நெருக்கமாக இருக்க வேண்டும். இரண்டு கோடுகளுக்கு நடுவே ஒரு சாணுக்கு மேல் இடைவெளி இருந்தால், சில சலவைகளில் பஞ்சு நகர்ந்து ஒரு பக்கம் கட்டியும் இன்னொரு பக்கம் வெறும் துணியுமாகிவிடும். தூவிக்கு இது நேரெதிர். மேல்துணியையும் கீழ்த்துணியையும் சேர்த்து நேராகத் தைத்தால் தைத்த இடத்தில் தூவியே இல்லாமல் கோடு கோடாகச் சூடு கசியும், அதனால் உள்ளே சின்னத் துணித் தடுப்பு வைத்துப் பெட்டி பெட்டியாகத் தைத்ததைக் கேட்டு வாங்குங்கள். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள், வெறும் இடம் தெரிந்தால் அந்தக் கணமே வைத்துவிடலாம். அப்புறம் ஓரத்தை இரண்டு கையாலும் லேசாக இழுத்துப் பாருங்கள். ஓரத்தில் இரட்டைத் தையல் இருக்கிறதா, நூல் முனை தொங்குகிறதா என்பதையும் பாருங்கள். பெரும்பாலான குயில்ட் முதலில் விட்டுப்போவது ஓரத்தில்தான்.

கேள்வி: அவருக்கு ராத்திரி வேர்த்துக் கொட்டும், எனக்கு எப்போதும் குளிரும். இருவருக்கும் பொருந்துகிற மாதிரி எந்தப் பஞ்சு நல்லது அக்கா?

இருவருக்கும் பொருந்துகிற ஒன்றைத் தேடாதீர்கள், ஆளுக்கு ஒன்று வாங்குங்கள். ஒரே கட்டிலில் இரண்டு தனிக் குயில்ட் என்றால் பலர் தயங்குகிறார்கள், பார்க்க நன்றாக இருக்காது என்று நினைக்கிறார்கள். பகலில் மேலே ஒரே விரிப்பைப் போட்டு மூடிவிட்டால் யாருக்கும் தெரியாது. தூக்கம் கெடாமல் இருப்பது அதைவிட முக்கியம். யார் யாரிடமிருந்து இழுத்தார்கள் என்ற பேச்சும் அதோடு நின்றுபோகும்.

சரி, அவருக்கு எது, உங்களுக்கு எது? வேர்ப்பவருக்கு ஈரத்தை உறிஞ்சி மெதுவாக வெளியே விடுகிற இழை வேண்டும். சாதாரணக் காற்று ஈரத்தில் வைத்தால், 100 கிராம் கம்பளி தன்னுள் சுமார் 16 கிராம் ஈரம் பிடித்து வைத்திருக்கும், பட்டு 11 கிராம், பருத்தி 8 கிராம், பாலியஸ்டர் அரை கிராம்கூட இல்லை. கம்பளி என்றாலே குளிருக்கு என்று நினைக்கிறோம், ஆனால் மெல்லிய கம்பளி நிரப்பிய குயில்ட் வேர்க்கிறவருக்கு மிக நன்றாக ஒத்துப்போகும், ஏனென்றால் உள்ளே ஆவி தேங்கி நசநசவென்று ஆவதில்லை. கம்பளி பராமரிப்பு கஷ்டம் என்று தோன்றினால் மெல்லிய பருத்தி, 4 டாக் அளவில், மேல்துணியும் பருத்தியாகவே. உள்ளே பருத்தி வைத்து மேலே பாலியஸ்டர் துணி போட்டதை வாங்கிவிட்டு "பருத்திதானே வாங்கினேன்" என்று வருத்தப்பட்டு எழுதியவர்கள் உண்டு. இரண்டையும் பாருங்கள்.

உங்களுக்குத் தூவி அல்லது உள்ளே குழலாக இருக்கும் பாலியஸ்டர் இழை. தூவி என்பது வாத்து, கூஸ் பறவைகளின் இறகுக்கு அடியில் இருக்கும் பஞ்சு போன்ற பகுதி, அதில் தண்டு கிடையாது. "தூவியும் இறகும் கலந்தது" என்று போட்டிருந்தால் எவ்வளவு சதவீதம் எது என்று பாருங்கள், இறகு கூடினால் கனமும் கூடும், தண்டு குத்தவும் செய்யும். பறவையை உயிரோடு பிடுங்கி எடுத்ததா என்ற கவலை உள்ளவர்கள் 'ரெஸ்பான்ஸிபிள் டவுன் ஸ்டாண்டர்ட்' முத்திரை இருக்கிறதா என்று பார்க்கலாம், உயிரோடு பிடுங்குவதையும் வலுக்கட்டாயமாகத் தீனி திணிப்பதையும் அது தடை செய்கிறது. இந்தக் கவலை எனக்கும் உண்டு. முத்திரை இல்லாத தூவிக்குப் பதிலாக நல்ல பாலியஸ்டர் வாங்குவதே மேல் என்பேன். பாலியஸ்டர் மலிவு, சுலபமாகத் துவைக்கலாம், சீக்கிரம் காயும். அதன் குறை, சில வருடங்களில் உப்பல் போய்த் தட்டையாகிவிடும்.

இலவம் பஞ்சு பற்றியும் கேட்டிருந்தீர்கள். இழை உள்ளே வெற்றுக் குழலாக இருப்பதால் மிக லேசானது, இதமானது. ஆனால் இழை குட்டையானது, நொறுங்கித் தூளாகும், துவைக்கவும் ஒத்துவராது. தலையணைக்கு நல்லது, போர்வைக்கு நான் சொல்ல மாட்டேன்.

கேள்வி: கட்டில் அளவையே சொல்லி வாங்கினேன். இரண்டு பேர் படுத்தால் ஓரம் பற்றவே இல்லை. ஏன்?

கட்டில் அளவு என்பது மெத்தையின் மேற்பரப்பு அளவுதான். மெத்தைக்குத் தடிமன் உண்டு, அதன்மேல் ஆட்களும் படுக்கிறார்கள். 150 செ.மீ. அகலம், 25 செ.மீ. தடிமன் உள்ள மெத்தை என்றால் இரண்டு பக்கமும் மெத்தையின் அடிவரை தொங்கவே 200 செ.மீ. வேண்டும், படுத்திருப்பவர்களின் உடம்பு மேடு எடுத்துக்கொள்வதற்கு இன்னும் 20 செ.மீ. சேர்த்து 220. நீளத்தில் கால்பக்கம் மட்டும் தடிமனைக் கூட்டினால் போதும். பருத்தியாக இருந்தால் முதல் சலவையில் கொஞ்சம் சுருங்கும், அதற்கும் இடம் விடுங்கள். டேப் எடுத்து அளந்து, எண்ணை எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள். 'டபுள்', 'குயின்', 'கிங்' என்ற பெயர்களை நம்ப வேண்டாம், ஒவ்வொரு தயாரிப்பாளருக்கும் ஒவ்வொரு அளவு.

கேள்வி: பருத்திக் குயில்ட்டை வாஷிங் மெஷினில் போட்டேன். உள்ளே எல்லாம் கட்டி கட்டியாகிவிட்டது, ஒரு மாதிரி வீச்சமும் வருகிறது. இனிமேல் எப்படித் துவைப்பது? இதைக் காப்பாற்ற முடியுமா?

வீச்சம் வருகிறதென்றால் உள்ளே இன்னும் காயவில்லை என்று அர்த்தம். மேல்துணி தொட்டால் காய்ந்திருக்கும், நடுவே பஞ்சு ஈரமாகவே இருக்கும், அப்படியே மடித்து வைத்தால் பூசணம் பிடிக்கும். காப்பாற்றலாம். மறுபடி நன்றாக அலசுங்கள், இந்த முறை சோப்பு கொஞ்சமாக, அலசுவது இரண்டு மடங்கு. வீச்சத்துக்குக் கொஞ்சம் வெள்ளை வினிகரை அலசும் தண்ணீரில் கலக்கலாம், ஆனால் பிளீச்சோடு வினிகரைச் சேர்த்துவிடவே கூடாது, விஷவாயு வரும். காயவைக்கும்போது ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை போய், கட்டியாக இருக்கும் இடத்தைத் துணிக்கு மேலேயே இரண்டு கையாலும் பிய்த்து விடுங்கள், ஈரம் பாதி போன நிலையில்தான் கட்டி நன்றாக உடையும். முழுதாகக் காய்ந்த பிறகு அது அவ்வளவு சுலபமில்லை.

இனி அடுத்த முறைக்கு. துவைப்பதற்கு முன்னால் உள்ளே தைத்திருக்கும் சின்னச் சீட்டைப் படியுங்கள். தொட்டிப் படத்துக்குள் எண் இருந்தால் அந்த வெப்பநிலை வரை மெஷினில் போடலாம், கை படம் இருந்தால் கையால் மட்டும், தொட்டியில் குறுக்கே கோடு போட்டிருந்தால் தண்ணீரில் போடவே கூடாது. வட்டம் மட்டும் இருந்தால் ட்ரை கிளீனிங். சதுரத்துக்குள் வட்டம் டிரையரைக் குறிக்கும்.

மெஷினின் கிலோ கணக்கைப் பார்த்து ஏமாறாதீர்கள். 7 கிலோ மெஷின் என்பது சட்டை வேட்டிக் கணக்கு. 3 கிலோ குயில்ட் தொட்டியை முழுக்க அடைத்துக்கொள்ளும், தண்ணீர் நடுவே போகாது, சோப்பு வெளியே வராது. போட்ட பிறகு மேலே ஒரு கை தாராளமாக நுழைய இடம் இருக்க வேண்டும். இல்லையென்றால் பெரிய மெஷின் வைத்திருக்கும் சலவைக் கடைக்குக் கொடுங்கள், அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. வீட்டில் போடுவதாக இருந்தால் பிரிந்த தையலை முதலில் தைத்துவிடுங்கள், மெஷினுக்குள் ஒரு விரல் ஓட்டை ஒரு முழக் கிழிசலாகும். மென்மையான சலவை முறை, பாதி அளவு லிக்விட் சோப்பு, கூடுதலாக ஒரு அலசல். துணி மென்மையாக்கும் திரவம் வேண்டவே வேண்டாம், அது இழைகளின் மேல் படலம் போல ஒட்டி, தூவியையும் மைக்ரோஃபைபர் எனும் மிக மெல்லிய பாலியஸ்டர் இழையையும் உப்பவிடாமல் செய்துவிடும்.

தண்ணீரில் ஊறிய குயில்ட்டை ஒரு முனையைப் பிடித்துத் தூக்காதீர்கள், நனைந்த பஞ்சின் கனத்தில் உள்தையல் அறுந்துவிடும். இரண்டு கையாலும் அடியில் ஏந்தி எடுங்கள். ஒரே கொடியில் மடித்துத் தொங்கவிட்டால் பஞ்சு எல்லாம் கீழே இறங்கும், இரண்டு மூன்று கொடிகளுக்கு மேலே படுக்கை போல விரித்துப் போடுவதுதான் சரி. காற்றோட்டம் வெயிலைவிட முக்கியம், இரண்டும் இருந்தால் உத்தமம். இரண்டு நாள் ஆகலாம், ராத்திரி உள்ளே எடுத்து விரித்து வைத்து மறுநாள் மறுபடி போடுங்கள். மழை மூட்டமாக இருக்கும் நாளில் ஆரம்பிக்கவே கூடாது. தூவி வைத்ததை டிரையரில் குறைந்த சூட்டில் இரண்டு மூன்று சுத்தமான டென்னிஸ் பந்துகளோடு போட்டால் பந்து தட்டித் தட்டித் தூவியைப் பிரித்துவிடும். அப்போதும் பல மணி நேரம் பிடிக்கும், அவசரப்பட்டுச் சூட்டைக் கூட்டாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. உள்ளே தளர்வாகப் பஞ்சை அடித்து நிரப்பி, தூரத் தூரத் தையல் போட்ட கனமான பழைய வகைக் குயில்ட்டைத் தண்ணீரிலேயே போடக் கூடாது. அதை வெயிலில் போட்டுத் தட்டலாம், உறை போட்டு உறையைத் துவைக்கலாம். அழுக்கு மிஞ்சினால் பிரித்து, மேல்துணியைத் தனியாகத் துவைத்து, பஞ்சு அடிப்பவரிடம் கொடுத்து அடித்து மறுபடி நிரப்புவதுதான் வழி. செலவுதான், ஆனால் புதியது போல் திரும்பி வரும்.

கேள்வி: எத்தனை நாளுக்கு ஒருமுறை துவைக்க வேண்டும்?

உறை போட்டிருந்தால் உறையை ஒன்று இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, குயில்ட்டை வருடத்துக்கு ஒன்று இரண்டு முறை. உறை இல்லையென்றால் ஒன்று இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, அப்படித் துவைத்தால் எந்தக் குயில்ட்டும் சீக்கிரம் தேயும். அதனால் உறை போடுங்கள். காலையில் எழுந்ததும் குயில்ட்டை உடனே மடித்து வைக்காமல் கொஞ்ச நேரம் விரித்தபடி விடுங்கள், ராத்திரி ஏறிய வேர்வை ஈரம் போகட்டும். இதைத் தினமும் செய்கிறவர்கள் துவைக்கும் தடவையையே குறைத்துவிடலாம்.

கேள்வி: உறைக்குள் குயில்ட் சுருண்டு ஒரு மூலைக்குப் போய்விடுகிறது.

உறையின் நான்கு உள்மூலைகளிலும் நாடா தைத்து, குயில்ட்டின் மூலைகளில் வளையம் தைத்து முடிந்துவிடுங்கள். அரை மணி நேர வேலை.

கேள்வி: மகனுக்கு ஆஸ்துமா. தூசுப்பூச்சிதான் காரணம் என்கிறார் டாக்டர். தூவிக் குயில்ட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு பாலியஸ்டர் வாங்கவா?

அவசரப்பட வேண்டாம். தூவி என்றாலே அலர்ஜி என்று பரவலாக நம்புகிறார்கள், ஆனால் தூசுப்பூச்சி எந்தப் பஞ்சிலும் குடியேறும். கண்ணுக்கு எளிதில் தெரியாத, கால் மில்லிமீட்டர் அளவுள்ள பூச்சி அது, நம் உடம்பிலிருந்து உதிரும் தோல் துகள்தான் அதற்கு உணவு, தண்ணீர் குடிப்பதில்லை, காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சி வாழ்கிறது. மூச்சுத் தொல்லை தருவது பெரும்பாலும் பூச்சியைவிட அதன் கழிவில் உள்ள புரதம். உங்கள் மகனுக்குத் தூவிக்கே அலர்ஜி இருக்கிறதா என்பதை டாக்டரிடம் தனியாகக் கேளுங்கள், இல்லையென்றால் பஞ்சை மாற்றுவதால் மட்டும் பெரிய பலன் இருக்காது.

பலன் தருவது மூன்று. 60 டிகிரி செல்சியஸ் சூட்டில் துவைத்தால் பூச்சி சாகும், 30, 40 டிகிரியில் கழிவு ஓரளவு கழுவப்படும், ஆனால் பூச்சியில் பாதிக்கு மேல் பிழைத்துக்கொள்ளும். ஆகவே புதிதாக வாங்கினால் சீட்டில் 60 என்று போட்டதாகப் பார்த்து வாங்குங்கள், மகனுக்கு இதுதான் முதல் தகுதி. அடுத்தது, பூச்சி நுழைய முடியாத அளவுக்கு நெருக்கமாக நெய்த, ஜிப் வைத்த அலர்ஜி உறை, குயில்ட்டுக்கு மட்டும் போட்டால் போதாது, மெத்தைக்கும் தலையணைக்கும் சேர்த்துப் போட வேண்டும். மூன்றாவது அறையின் ஈரப்பதம், 50 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பூச்சி பெருகாது. ஈரத்துணியை அந்த அறையில் காயப்போடாதீர்கள். கம்பளி போல் சூட்டில் துவைக்க முடியாததை பெரிய ஃப்ரீஸரில் மைனஸ் 18 டிகிரியில் ஓரிரு நாள் வைத்தாலும் பூச்சி சாகும், ஆனால் கழிவு அப்படியே இருக்கும், பிறகு அலச வேண்டும். மருந்தை இதையெல்லாம் செய்கிறோம் என்று நிறுத்திவிடாதீர்கள்.

கேள்வி: எட்டு மாதக் குழந்தைக்குக் குட்டிக் குயில்ட் ஒன்று தைத்திருக்கிறேன். ராத்திரி போர்த்தலாமா?

வேண்டாம். ஆசையோடு தைத்திருப்பீர்கள், அதனால் சொல்லக் கஷ்டமாக இருக்கிறது, ஆனாலும் வேண்டாம். ஒரு வயது ஆகும்வரை தூங்கும் குழந்தையின் படுக்கையில் குயில்ட், தலையணை, மென்மையான பொம்மை எதுவும் இருக்கக் கூடாது. முகத்தின் மேல் விழுந்தால் அதை விலக்கக் குழந்தைக்குத் தெரியாது, மூச்சு முட்டும், உடம்புச் சூடும் அளவுக்கு மீறி ஏறும். மல்லாக்கப் படுக்கவைத்து, குழந்தைகளுக்கான கையில்லாத தூக்கப் பையை அளவு பார்த்துப் போடுங்கள், கழுத்துப் பக்கம் தளர்வாக இருக்கக் கூடாது. குளிருகிறதா என்று கையைக் காலைத் தொட்டுப் பார்க்காமல் மார்பையோ பின்கழுத்தையோ தொட்டுப் பாருங்கள். நீங்கள் தைத்ததைப் பகலில், குழந்தை விழித்திருக்கும்போது, நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது தரையில் விரித்து விளையாட விடுங்கள். ஒரு வயதுக்குப் பிறகு போர்த்தலாம்.

மணிகள் வைத்துக் கனமாக்கிய போர்வை பற்றியும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், அது பெரியவர்களுக்கே உடம்பு எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம் என்பார்கள். கைக்குழந்தைக்குக் கிட்டவே கொண்டுபோகக் கூடாது.

கேள்வி: ரத்தக் கறை, குழந்தையின் சிறுநீர்க் கறை. ஒரு கறைக்காக முழுக் குயில்ட்டையும் துவைக்க வேண்டுமா?

தேவையில்லை. கறை பட்ட இடத்துக்கு அடியில் இருக்கும் பஞ்சை விரலால் ஓரமாக ஒதுக்கி, மேல்துணியை மட்டும் பிடித்து இழுத்து ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிவிடுங்கள். அந்தத் துணியை மட்டும் கழுவலாம், பஞ்சு நனையாது. ரத்தத்துக்குப் பச்சைத் தண்ணீர்தான், வெந்நீர் பட்டால் ரத்தத்தின் புரதம் இறுகி நிரந்தரமாகப் பிடித்துக்கொள்ளும். சிறுநீருக்கு உடனே காய்ந்த துணியால் ஒற்றியெடுத்து, புரதத்தை உடைக்கும் என்சைம் உள்ள லிக்விட் சோப்பைத் தடவி அரை மணி ஊறவிட்டுக் கழுவுங்கள். கம்பளிக்கும் பட்டுக்கும் மட்டும் என்சைம் சோப்பு கூடாது, அவையும் புரதம்தான், அரித்துவிடும். பஞ்சுவரை ஊறிப்போயிருந்தால் முழுவதும் துவைத்தே ஆக வேண்டும்.

கேள்வி: குளிர் முடிந்ததும் வேக்குவம் பையில் அந்துருண்டை போட்டு வைக்கிறேன். சரிதானா?

இரண்டையும் மாற்றச் சொல்வேன். காற்றை உறிஞ்சும் பை இடத்தை மிச்சப்படுத்தும், ஆனால் மாதக்கணக்கில் நசுங்கிக் கிடந்த தூவியும் கம்பளியும் பழைய உப்பலுக்குத் திரும்புவதில்லை, காற்றுதான் கதகதப்பு என்று மேலே சொன்னேன் அல்லவா, அதைத்தான் உறிஞ்சி எடுத்துவிடுகிறீர்கள். தவிர துளி ஈரம் இருந்தால் அடைபட்டுப் பூசணம் பிடிக்கும். பாலியஸ்டர் கொஞ்சம் தாங்கும். மற்றதையெல்லாம் தளர்வாக மடித்து, பழைய பருத்தித் தலையணை உறையிலோ துணிப் பையிலோ போட்டு, அலமாரியின் மேல்தட்டில் வையுங்கள், மேலே வேறு எதையும் அடுக்காதீர்கள்.

அந்துருண்டை நாஃப்தலின். வாசனை வருகிறதென்றால் அதன் ஆவியைச் சுவாசிக்கிறோம் என்று அர்த்தம், ஜி6பிடி என்ற என்சைம் பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைகளுக்கு அந்த ஆவி ரத்தச் சிவப்பணுக்களையே உடைக்கும். குழந்தை இருக்கும் வீட்டில் போர்வைகளுக்கு நடுவே அதை வைக்கவே கூடாது என்பது என் உறுதியான எண்ணம். அந்துப்பூச்சியின் புழு கம்பளி, பட்டு, இறகு இவற்றைத்தான் தின்னும், சுத்தமான பருத்தியையும் பாலியஸ்டரையும் தொடாது, வேர்வையும் உணவுக்கறையும் இருந்தால் மட்டும் அங்கேயும் வரும். பருத்திக்கு எதிரி ராமபாணப் பூச்சி, அதுவும் கஞ்சி போட்ட துணியைத்தான் தேடும். ஆகவே துவைத்து, எலும்பு காய்வது போல் காயவைத்து, கஞ்சி போடாமல் எடுத்து வைத்தால் பூச்சித் தொல்லையில் பெரும்பகுதி தீர்ந்தது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வெளியே எடுத்து உதறிக் காற்றாட விட்டு வையுங்கள்.

கேள்வி: பட்டு நிரப்பிய குயில்ட்டை வெயிலில் போடலாமா?

நேர் வெயிலில் வேண்டாம், பட்டு மஞ்சளித்து நைந்துபோகும். நிழலில், காற்று வீசும் இடத்தில் இரண்டு மூன்று மணி நேரம் போதும். எப்போதும் உறையோடு பயன்படுத்துங்கள், மெஷினில் போடாதீர்கள்.

கேள்வி: பாட்டி பழைய துணித் துண்டுகளை ஒட்டுப் போட்டுக் கையாலேயே தைத்த குயில்ட் ஒன்று என்னிடம் இருக்கிறது. அழுக்காக இருக்கிறது, சில துண்டுகள் இற்றுப்போயிருக்கின்றன. துவைக்கப் பயம், அப்படியே வைக்கவும் மனமில்லை.

உங்கள் பயம் நியாயமானது. அவசியம் இருந்தால் ஒழிய நனைக்க வேண்டாம். முதலில் தூசியை எடுங்கள். குயில்ட்டின் மேல் ஒரு கொசுவலைத் துணியை விரித்து, வேக்குவம் கிளீனரை மிகக் குறைந்த இழுவையில் வைத்து மெதுவாக ஓட்டுங்கள். வலை இருப்பதால் இற்ற துணி உறிஞ்சப்படாது. பாதி அழுக்கு இதிலேயே போய்விடும்.

நனைக்கத்தான் வேண்டும் என்றால், ஒவ்வொரு நிறத் துண்டின் மேலும் ஈரமான வெள்ளைத் துணியை ஒரு நிமிடம் அழுத்தி எடுத்துப் பாருங்கள். ஒரே ஒரு துண்டில் சாயம் ஒட்டினாலும், சிவப்பும் கருநீலமும்தான் பெரும்பாலும் மாட்டும், அதோடு நிறுத்திவிடுங்கள். எல்லாம் தேறினால், பெரிய தொட்டியில் பழைய போர்வைத் துணி ஒன்றை அடியில் விரித்து, அதன் மேல் குயில்ட்டை வைத்து, குளிர்ந்த தண்ணீரும் மிக மென்மையான சோப்பும் விட்டு, கசக்காமல் உள்ளங்கையால் அழுத்தி அழுத்தி விடுங்கள். தண்ணீர் தெளியும்வரை அலசுங்கள். எடுக்கும்போது குயில்ட்டைப் பிடிக்காமல் அடியில் விரித்த துணியின் நான்கு மூலையைப் பிடித்து, இரண்டு பேராகத் தூக்குங்கள், கனம் முழுவதையும் அந்தத் துணியே தாங்கட்டும். கொடியில் போடாமல், தரையில் துண்டுகளை விரித்து அதன் மேல் நிழலில் காயவையுங்கள்.

இற்றுப்போன துண்டுகளைப் பிய்த்து எடுத்துவிட்டுப் புதுத் துணி வைக்காதீர்கள். அதே நிறத்தில் மெல்லிய வலைத்துணி வாங்கி அந்தத் துண்டின் மேல் போர்த்தி, பழைய தையல் ஓட்டைகளின் வழியாகவே ஊசி நுழைத்துத் தையுங்கள், பாட்டி தேர்ந்தெடுத்த துணியும் அவர் தையலும் அப்படியே அடியில் இருக்கும். எடுத்து வைக்கும்போது மரப் பலகையின் மேல் நேராக வைக்காமல் துவைத்த வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றுங்கள், மரத்தில் உள்ள அமிலம் துணியைப் பழுப்பாக்கும். மடிக்கும் இடத்தைச் சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்றுங்கள், ஒரே மடிப்பில் இருந்தால் அந்தக் கோட்டிலேயே கிழியும். முடிந்தால் யாரும் படுக்காத கட்டிலில் வெயில் படாமல் விரித்தே வைத்துவிடலாம். தைத்தவர் யார், எந்தத் துணி யாருடைய உடுப்பிலிருந்து வந்தது என்று வீட்டுப் பெரியவர்களிடம் இப்போதே கேட்டு, ஒரு துணித் துண்டில் எழுதிப் பின்பக்கம் தைத்துவிடுங்கள். கேட்க ஆள் இருக்கும்போதே கேளுங்கள்.

கேள்வி: எப்போது புதியது வாங்க வேண்டும் என்று எப்படித் தெரியும்?

நான்காக மடித்து நடுவில் கையால் அழுத்தி விடுங்கள். மெதுவாகவாவது எழும்பி வந்தால் இன்னும் உயிர் இருக்கிறது, அழுத்திய பள்ளம் அப்படியே நின்றால் முடிந்தது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து வெறும் இடங்களையும் பாருங்கள். பாலியஸ்டர் ஐந்து வருடம் வந்தால் நியாயம். தூவி பத்து வருடம் தாண்டியும் வரும், அதைத் தூக்கிப் போடும் முன் கூடுதல் தூவி நிரப்பித் தருபவர் கிடைக்கிறாரா என்று விசாரியுங்கள். பருத்தியை அடித்து நிரப்பலாம் என்பதை மேலே சொன்னேன். தேறாது என்று ஆனதை வெட்டி, ஓரம் தைத்து, மெத்தைக்கும் விரிப்புக்கும் நடுவே போடலாம், அல்லது சாமான் இடம் மாற்றும்போது சுற்றப் பயன்படுத்தலாம். விலங்குக் காப்பகங்கள் பல பழைய போர்வைகளை வாங்கிக்கொள்ளும், ஆனால் தூவி வைத்ததைச் சில இடங்களில் ஏற்பதில்லை, நாய் கடித்துப் பிய்த்தால் அறை முழுக்கப் பறக்கும். எடுத்துக்கொண்டு போகும் முன் ஒரு ஃபோன் போட்டுக் கேட்டுவிடுங்கள், துவைத்துக் காயவைத்துக் கொடுங்கள்.